ஆமை முட்டை போடுற நேரத்துல கிளாஸ் வைக்க முடியாது தம்பி: வாசகர் கேள்வி, அக்கா பதில்

போன இதழ்ல வேற ஏதோ கேள்விக்குப் பதில் சொல்றப்ப, நான் 44 வயசுல மத்திய அமெரிக்காவுல இருக்கிற கோஸ்டா ரிக்கா போய் ஸ்பானிஷ் படிச்சு, ஆமைக் கரையில வாலன்டியரா நின்ன கதையை ஒரே ஒரு வரி எழுதிட்டேன். அவ்வளவுதான், இந்த மாசம் வந்ததுல முக்காவாசி அதைப் பத்தின கேள்விதான், வெண்டைக்காய் வழுவழுப்பு போக என்ன பண்றதுன்னு கேட்டவங்க மன்னிக்கணும், அடுத்த மாசம் கண்டிப்பா.

கேள்வி: அக்கா, மார்ச்ல எனக்கு ஓஆர்டி (சிங்கப்பூர் தேசிய சேவை முடியிற நாள்), யூனி ஆகஸ்ட்லதான். ஒரு பேக்கேஜ் பாத்தேன். நாலு வாரம், காலையில ஸ்பானிஷ் கிளாஸ், மத்தியானம் ஆத்துல ரப்பர் படகுல போற ரேஃப்டிங், கம்பியில தொங்கிப் போற ஜிப்லைன், ராத்திரி ஆமைப் பாதுகாப்பு, எல்லாம் ஒரே இடத்துலன்னு போட்டிருக்கான். போலாமா? (செங்காங் தம்பி)

தம்பி, ராத்திரி முழுக்க கார்ட் டியூட்டி பாத்துட்டு மறுநாள் காலையில லெக்சர்ல உக்காந்தா என்னாகும்னு உனக்கு நான் சொல்லணுமா? அதேதான் இது. ஆமைக்கு ராத்திரி வேலை. ரோந்து ராத்திரி எட்டு மணிக்கு ஒரு செட்டு, நடுராத்திரிக்கு மேல இன்னொரு செட்டுன்னு போகும், ஒவ்வொண்ணும் நாலு மணி நேரம், கால் புதையிற மணல்ல நடை, நடுவுல ஆமை வந்துட்டா அது முடிச்சுட்டுத் திரும்பக் கடலுக்குப் போற வரைக்கும் அங்கேயேதான். விடிகாலையில வந்து படுத்துட்டு எட்டு மணிக்கு எழுந்து வினைச்சொல் வாய்பாடு ஒப்பிக்க முடியுமா, நான் ட்ரை பண்ணிப் பாத்தவ, முடியாது.

ரெண்டாவது, அந்த "ஒரே இடத்துல"ங்கிறதுதான் எனக்கு உறுத்துது. மேப்பை எடுத்துப் பாரு. மொழிப் பள்ளிக்கூடங்கள்ல நிறைய தலைநகர் சான் ஹோசேயைச் சுத்தி இருக்கிற மேட்டுப் பூமியில, எரேதியா மாதிரி ஊர்கள்ல இருக்கு. ஜிப்லைனுக்குப் பேர்போன மொந்தேவெர்தே மேற்குப் பக்கம் மலைமேல. நல்ல ரேஃப்டிங்னா பக்குவாரே ஆறு, அதுக்கு துரியால்பா பக்கம் போகணும். ஏழுவரி ஆமை ஏறுறது கிழக்குல கரீபியன் கரை. தொர்துகேரோ மாதிரி இடத்துக்கு ரோடே கிடையாது, படகு இல்லேன்னா குட்டி விமானம். இதெல்லாம் ஒரே இடம்னு ஒருத்தன் சொன்னா, ஒண்ணு அவனுக்கு ஊர் தெரியல, இல்ல அந்த மூணுல ரெண்டு வெறும் பேரளவுக்குத்தான் இருக்கு.

மூணையும் செய்யலாம்டா, ஒண்ணா செய்யாதே, வரிசையா செய். மொழி முதல்ல, அப்புறம் ஆமை, கடைசியில சாகசம். இந்த வரிசையை மாத்தாதேன்னு ஏன் சொல்றேன்னா என் கதையைக் கேளு.

நான் அவசரக்குடுக்கை, ஒரே வாரம் கிளாஸ் போயிட்டு நேரா கரைக்குப் போயிட்டேன். மூணாவது ராத்திரி ஒரு ஏழுவரி ஆமை ஏறிச்சு. முதுகுல நீளவாக்குல ஏழு வரி ஓடும், அதனாலதான் நம்மாளுங்க அந்தப் பேர் வச்சிருக்காங்க, உலகத்துலயே பெரிய ஆமை, 500 கிலோவுக்கு மேல கூட வளரும். நிலா இல்ல, வெள்ளை லைட் போடக் கூடாது, சிவப்பு லைட் மட்டும்தான், அதுவும் அது முகத்துக்கு நேரா அடிக்கக் கூடாது. முதல்ல எனக்குக் கேட்டது அது மூச்சு விடுற சத்தம்தான், பழைய பஸ் ஏர் பிரேக் விடுமே, அப்படி. பின்துடுப்பு ரெண்டையும் கைமாதிரி வளைச்சு ஒரு பிடி மண்ணை அள்ளி ஓரமா வைக்குது, அடுத்த துடுப்பு அடுத்த பிடி, அவ்வளவு நிதானம். கண்ணுலேந்து தண்ணி வழியுது, அழலைங்க, உடம்புல ஏறின உப்பை வெளியேத்துற சுரப்பி அது.

திருடங்க கை வைக்கிற கரைன்னால, முட்டையை விழ விழப் பிடிச்சு காவல் இருக்கிற பொரிப்பகத்துக்குக் கொண்டு போகணும். அந்த ஊர்ப் பையன் ஒருத்தன், உன் வயசுதான், ஆமைக்குப் பின்னாடி மணல்ல குப்புறப் படுத்துக்கிட்டு கையை குழிக்குள்ள விட்டபடி என்கிட்ட கிசுகிசுன்னு "லா போல்சா, லா போல்சா"ங்கிறான். போல்சான்னா பை. எனக்கு அந்த நேரம் மூளையில ஒண்ணும் ஓடல, ஆமை முதுகை அளக்குற டேப்பை எடுத்து நீட்டினேன். அவன் வேண்டாங்கிறான், நான் கிளவுஸை நீட்டுறேன், அதுக்குள்ள முட்டை விழ ஆரம்பிச்சிருச்சு, பில்லியர்ட்ஸ் பந்து சைஸ்ல ஒவ்வொண்ணா. அவன் கையிலயே ஏந்திக்கிட்டான், முட்டைக்கு ஒண்ணும் ஆகல, ஆனா அன்னிக்கு ராத்திரி நான் உதவிக்கு வந்தவளா இல்ல அவன் பாத்துக்க வேண்டிய இன்னொரு ஜீவனான்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சு. மறுநாள் அம்பது சொல்லு எழுதி வாங்கி மனப்பாடம் பண்ணேன். பை, டேப், கயிறு, குழி, நில்லு, உக்காரு, லைட்டை அணை. இதைப் பள்ளிக்கூடத்துலயே நாலு வாரம் படிச்சுட்டு வந்திருந்தா அந்தப் பையனோட நான் பேசியிருக்கலாம், அவன் தாத்தா முட்டை எடுத்து வித்தவர், பேரன் இப்ப காவல் காக்குறான், அந்தக் கதையை நான் பாதிதான் புரிஞ்சுக்கிட்டேன், இன்னிக்கும் அந்த வருத்தம் இருக்கு.

உன் நாள்கணக்குக்கு நல்லாவே ஒத்து வரும். கரீபியன் பக்கம் ஏழுவரி ஆமை மார்ச்லேந்து ஜூன் வரைக்கும், ஏப்ரல் மே உச்சம். அதனால ஏப்ரல் முழுக்க கிளாஸ், ஒரு வீட்டுல தங்கிக்க, சனி ஞாயிறு வேணா ஜிப்லைன் கிப்லைன் போயிட்டு வா. மே மாசம் மூணு வாரம் கரை. அப்புறம் ஒரு வாரம் துரியால்பா, பக்குவாரே ஆத்துல மூணு நாலு கிரேடு வேகம் இருக்கும், மழை ஆரம்பிச்சிருக்கும், ஆத்துல தண்ணியும் இருக்கும். தூக்கம் போதாம அலுத்துப் போன உடம்போட ரேஃப்டிங் போறவனைப் பாத்திருக்கேன், அதனாலதான் நடுவுல ரெண்டு நாள் சும்மா படுத்து எழுந்துட்டுப் போன்னு சொல்றேன். ஜூலைக்கு மேல போறவங்களுக்கு தொர்துகேரோல பச்சை ஆமை, அக்டோபர் வரைக்கும்.

இன்னொண்ணு, ஈஸ்டருக்கு முந்தின புனித வாரம் எப்ப வருதுன்னு பாத்துட்டு டிக்கெட் போடு. ஊரே கடற்கரைக்குப் போயிரும், வியாழன் வெள்ளி பஸ் கிடைக்கிறது கஷ்டம், ரூம் விலை ஏறிக் கிடக்கும். அப்புறம் இவ்வளவு நாள் வெளிநாடு போறதை என்எஸ், அதான் தேசிய சேவை போர்ட்டல்ல பதிஞ்சுட்டுப் போ, ஓஆர்டி ஆயிருச்சுன்னா எல்லாம் முடிஞ்சுதுன்னு நினைக்காதே.

கேள்வி: என் மகளுக்கு 19 வயசு, பாலிடெக்னிக் முடிச்சிட்டா, தனியா கோஸ்டா ரிக்கா போறேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. நாங்க சைவம். பாதுகாப்பா சகோதரி? சோத்துக்கு என்ன பண்ணுவா? (உட்லண்ட்ஸ் அம்மா)

சோத்துக் கவலையை முதல்ல விடுங்கம்மா, அது சோறு திங்கிற ஊர். காலையிலயே சோறுதான். முந்தின நாள் சோத்தையும் கறுப்பு பீன்ஸையும் வெங்காயம் கொத்தமல்லி போட்டுப் பிரட்டி எடுப்பாங்க, காயோ பிந்தோன்னு பேரு, நம்ம வீட்ல மிச்சச் சோறு தாளிக்கிற மாதிரிதான். மத்தியானம் சோறு, பீன்ஸ், வாழைப்பழம் பொரிச்சது, சாலட், பக்கத்துல ஏதாவது கறி, அந்தத் தட்டுக்கு காசாதோன்னு பேரு. சின்ன சாப்பாட்டுக் கடைக்கு அங்க சோதான்னு சொல்லுவாங்க, நம்ம காப்பிக்கடை மாதிரி.

ஆனா சைவம்னு சொல்றதுல ஒரு சூட்சுமம் இருக்கு. "கார்னே வேண்டாம்"னு மட்டும் சொன்னா மாட்டுக்கறி வேண்டாம்னு எடுத்துக்கிட்டு அன்போட கோழி வப்பாங்க. கோழி, மீன், ஹாம் எல்லாத்தையும் பேர் சொல்லிச் சொல்லணும், போயோ வேண்டாம், பெஸ்காதோ வேண்டாம், ஹமோன் வேண்டாம். சில வீட்ல பீன்ஸை பன்னிக்கொழுப்புல தாளிப்பாங்க, மந்தேகா போட்டீங்களான்னு முதல் நாளே கேட்டுரச் சொல்லுங்க. ஹலால் கறி தேடுற நம்ம முஸ்லிம் வாசகர்களுக்கும் இதேதான், மீனும் காயுமா ஓட்டிரலாம். நல்ல ஊறுகாய் பாட்டில் ஒண்ணு தேக்காவுல வாங்கிக் குடுத்து விடுங்க, அதுக்கு மட்டும் அங்க மாத்து கிடையாது.

பாதுகாப்பு. 1948லயே ராணுவத்தைக் கலைச்ச நாடு, அந்தப் பக்கத்துல அமைதியான நாடுன்னு பேர் வாங்கினது, அது உண்மை. அதுக்காக ராத்திரி பன்னெண்டு மணிக்கு எம்ஆர்டில ஃபோனைப் பாத்துக்கிட்டே வர நம்ம பழக்கத்தை அங்க கொண்டு போகக் கூடாது. சான் ஹோசே பஸ் ஸ்டாண்ட் பக்கம் பையை முன்னாடி மாட்டணும், இருட்டினதும் டாக்சி. கடற்கரையில தனியா ராத்திரி நடக்கவே கூடாது. ஆமைக் கரை பத்தியும் மறைக்காம சொல்லிடுறேன், முட்டை திருட்டு சில இடத்துல போதைப்பொருள் கும்பலோட பின்னிக் கிடக்கு. 2013 மே கடைசியில லிமோன் பக்கத்துல மொயின் கரையில ஹைரோ மோரா சந்தோவால்னு 26 வயசு ஆமைக் காவலரைக் கொலை பண்ணிட்டாங்க, உலகம் பூரா பேசப்பட்ட விஷயம். அதனால உங்க பொண்ணு எந்தக் கரைன்னு கேளுங்க, ரோந்துல எத்தனை பேரு, உள்ளூர்த் தலைமை யாரு, ஆயுதத்தோட ஆள் எதிர்ல வந்தா என்ன விதின்னு அந்த அமைப்புக்கிட்ட நேரடியா எழுதிக் கேக்கச் சொல்லுங்க. "சண்டைக்குப் போக மாட்டோம், முட்டையை விட்டுட்டு நகந்துருவோம்"னு பதில் வந்தா அது பொறுப்பான இடம்.

நிஜமா அடிக்கடி உயிர் போறது எதுலன்னா கடல்ல. அங்க நிறைய கரையில உள்ளிழுக்குற நீரோட்டம் பலமா இருக்கும், லைஃப்கார்டு நம்ம செந்தோசா மாதிரி எங்க பாத்தாலும் நிக்க மாட்டாங்க. இழுத்தா கரையைப் பாத்து எதிர்த்து நீந்தாம, கரைக்கு இணையா பக்கவாட்டுல நீந்தி வெளிய வரணும், இதை அவ வாயால உங்ககிட்ட ஒரு தடவை சொல்லட்டும். காட்டுக்குள்ள முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ் போடச் சொல்லுவாங்க, வேர்க்குதுன்னு கழட்டக் கூடாது, தெர்சியோபெலோன்னு ஒரு விரியன் இருக்கு, இலைச்சருகோட சருகா கிடக்கும். விஷமுறிவு மருந்து அந்த நாட்டுலயே தயாரிக்கிறாங்க, இருந்தாலும் பூட்ஸ் சுலபம் இல்லையா.

முகவரி கேட்டு பயந்துராதீங்க. நமக்கு ஆறு நம்பர் போஸ்டல் கோடு அடிச்சா வாசலுக்கே கொண்டு வந்து விடும், அங்க "சர்ச்லேந்து தெக்கால 200 மீட்டர், அப்புறம் கிழக்கால 50 மீட்டர், பச்சைக் கேட்டு"ன்னு வரும். 100 மீட்டர்னா ஒரு தெருவுன்னு அர்த்தம். வெட்டி எத்தனையோ வருஷமான மரத்தைக் கூட அடையாளமா சொல்லுவாங்க, நம்மூர்ல இல்லாத தியேட்டர் பேர்ல பஸ் ஸ்டாப் இருக்குற மாதிரி. அதை அப்படியே எழுதி அனுப்பச் சொல்லி ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வைங்க.

கேள்வி: எனக்கு 56 ஆச்சும்மா. தமிழ், இங்கிலீஷ், பசார் மலாய் தெரியும். இனிமே ஸ்பானிஷ் மண்டையில ஏறுமா? (தோ பாயோ அண்ணன்)

அண்ணே, இங்கிலீஷ் வழியா படிச்சாத்தான் கஷ்டம், தமிழ் வழியா படிங்க. இதை எனக்கு யாரும் சொல்லித் தரல, நானா கண்டுபிடிச்சு கிளாஸ்லயே சிரிச்சுட்டேன்.

"ஆப்லோ"ன்னா பேசுறேன். நான்ங்கிறது அந்த வால்லயே இருக்கு, தனியா சொல்லத் தேவையில்ல. ஆப்லாஸ், பேசுற. ஆப்லாமோஸ், பேசுறோம். இங்கிலீஷ்காரன் பக்கத்துல உக்காந்து ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "யோ, யோ"ன்னு நான் நான்னு போட்டுக்கிட்டு இருந்தான், எனக்கு அது தானா வந்துச்சு. "மே குஸ்தா எல் கஃபே", எனக்குக் காப்பி பிடிக்கும். மே-ன்னா எனக்கு, கு உருபே உக்காந்திருக்கு பாருங்க. "மே துவேலே லா கபேசா", எனக்குத் தலை வலிக்குது. ஐ லைக், ஐ ஹேவ்னு ஆரம்பிச்சு யோசிச்சா இது தலைகீழா தெரியும், எனக்குன்னு ஆரம்பிச்சா நேரா இருக்கும்.

உச்சரிப்புல நம்மளை அடிக்க ஆளில்ல. அவங்க த நம்ம த தான், நாக்கு பல்லுல பட்டு வர்றது, இங்கிலீஷ்காரனுக்கு ட தான் வரும். நாளைக்குங்கிறதுக்கு "மஞானா", அந்த ஞ-வை அவங்க ந மேல ஒரு வளைவு போட்டு எழுதுறாங்க, நமக்கு தனி எழுத்தே இருக்கு. சாதா ர ஒண்ணு, நாக்கு படபடன்னு அடிக்கிற ர ஒண்ணு, பெரோன்னா ஆனால், பெர்ரோன்னா நாய், ரகரம் றகரம் வித்தியாசம் பாத்து வாத்தியார்கிட்ட கொட்டு வாங்கின தலைமுறை நாம.

மரியாதையும் நம்ம மாதிரி. நீ-க்கு தூ, நீங்க-வுக்கு உஸ்தெத். கோஸ்டா ரிக்காவுல அந்த உஸ்தெத்தை வாரி வழங்குவாங்க, அம்மா பிள்ளைக்குச் சொல்லும், ஏன், வீட்டு நாய்க்குட்டிக்குக் கூட. கோயம்புத்தூர்ல குழந்தையைப் பாத்து "சாப்புட்டீங்களா கண்ணு"ம்பாங்களே, எனக்கு அதுதான் ஞாபகம் வந்துச்சு.

மேசைக்கு மேசா, அலமாரிக்கு அர்மாரியோ. நமக்கு அந்தச் சொல்லுங்க போர்ச்சுகீஸ்லேந்து வந்துச்சு, ரெண்டும் அக்கா தங்கச்சி மொழி. ஆனா எல்லாத்துக்கும் நம்பிராதீங்க, ஜன்னலும் போர்ச்சுகீஸ்தான், ஸ்பானிஷ்ல அதுக்கு வெந்தானா.

கஷ்டம் எங்கன்னா, மேசை பொம்பளை, புத்தகம் ஆம்பளை. நாம அதெல்லாம் அஃறிணைன்னு ஒரே மூட்டையில கட்டி வச்சிட்டோமா, அவங்க ஒவ்வொண்ணுக்கும் ஆணா பொண்ணான்னு பாக்குறாங்க. அ-ல முடிஞ்சா பொண்ணு, ஓ-ல முடிஞ்சா ஆணுன்னு சொல்லித் தருவாங்க, அப்புறம் பாத்தா கை, "மானோ", பொண்ணு, பிரச்சினை, "ப்ரோப்லேமா", ஆணு. (இதுல ஏதோ உண்மை இருக்குன்னு என் கூடப் படிச்ச அம்மா ஒருத்தங்க சொன்னாங்க.) அப்புறம் இருக்குங்கிறதுக்கு ரெண்டு வினை, செர், எஸ்தார். ஒண்ணுல போட்டா ஆளே போரு, இன்னொண்ணுல போட்டா பாவம் ஆளுக்குப் போரடிக்குது, மாத்திப் போட்டீங்கன்னா நட்பு போயிரும்.

நான் மாட்டினது வேற. களைப்பா இருக்குன்னா "எஸ்தோய் கன்சாதா". அந்த ன்-ஐ நான் முழுங்கிட்டேன், "எஸ்தோய் காசாதா"ன்னு சொல்லியிருக்கேன், கல்யாணமானவன்னு அர்த்தம். தினம் சாயந்திரம் கிளாஸ் முடிஞ்சு வந்து செருப்பைக் கழட்டிக்கிட்டே நான் தங்கியிருந்த வீட்டு அம்மாகிட்ட பெருமூச்சோட "நான் கல்யாணமானவ"ன்னு ஒரு வாரம் சொல்லியிருக்கேன். அந்தம்மா பாவம், இவ புருஷனை நினைச்சு ஏங்குறாளா, இல்ல காசாதோ சாப்பாடு இன்னொரு தட்டு கேக்குறாளான்னு குழம்பி, ஒவ்வொரு நாளும் இன்னொரு கரண்டி சோறு வச்சுக்கிட்டே இருந்தாங்க. ரெண்டு கிலோ ஏறினேன் அண்ணே.

போறதுக்கு முன்னாடி இங்கேயே மூணு மாசம் தினம் அரை மணி நேரம் போடுங்க, நூலகத்துல ஆரம்பப் பாடப் புத்தகம் சிடியோட கிடைக்கும். ஏ1ங்கிற ஆரம்ப நிலையை இங்க முடிச்சிட்டா அங்க காசு குடுத்து "ஓலா, என் பேரு" படிக்க வேண்டியதில்ல. கையில காசு கொஞ்சம்தான்னா கோஸ்டா ரிக்காவை விட குவாத்தமாலா மலிவு, அன்திகுவா ஊர்ல ஒரு ஆளுக்கு ஒரு வாத்தியார்னு உக்கார வச்சுச் சொல்லித் தருவாங்க, அதுக்கே பேர்போன ஊர். மலையேறுறவங்களுக்கு அகதெனாங்கோ, 3,976 மீட்டர், ராத்திரி மேல கூடாரத்துலேந்து பாத்தா எதிர் மலை ஃபுவேகோ நெருப்பைக் கக்குறது தெரியும். முட்டி எப்படி இருக்குன்னு பாத்துக்கிட்டு முடிவு பண்ணுங்க.

கேள்வி: வேலையும் செஞ்சு காசும் நாமளே குடுக்கணுமா? இது என்ன நியாயம்? (ஜூரோங் வெஸ்ட் வாசகர்)

நானும் இப்படித்தான் கொதிச்சேன். ஆனா கணக்குப் பாருங்க, நீங்க தங்குற பாய், திங்கிற சோறு, படகு, உங்களுக்குச் சொல்லித் தர்ற ஆளோட சம்பளம், இதெல்லாம் ஆமையா கட்டும்? நீங்க குடுக்குற காசு அந்தக் கிராமத்துல ரூம் வாடகையாவும் ரோந்துச் சம்பளமாவும் இறங்குறப்ப, முட்டை எடுத்து விக்கிறதை விட ஆமையைக் காப்பாத்துறதுல வருமானம் வருது, அதுதான் இந்த வேலையோட அச்சாணி. அந்த நாடு முழுக்கவே அப்படிப்பட்ட யோசனையிலதான் ஓடுது. 1980கள்ல காட்டை மேய்ச்சலுக்கு வெட்டி வெட்டி கால்வாசிப் பூமிதான் காடுன்னு ஆயிருச்சு, 1996ல சட்டம் போட்டு, காட்டை வெட்டாம வச்சிருக்கிற நிலச்சொந்தக்காரனுக்கு அரசாங்கமே பணம் குடுக்க ஆரம்பிச்சாங்க, இப்ப பாதிக்கு மேல காடு.

நியாயமில்லாத இடமும் உண்டு, அதுவும் எனக்கு நடந்துச்சு. ஆமைக்குப் போறதுக்கு ரொம்ப முந்தி, வேற ஒரு நாட்டுல, இங்கேயே ஒரு ஏஜென்ட் மூலமா காசு கட்டிப் போனேன். வனப் பாதுகாப்புன்னு பேரு. முதல் நாள் வேலிக்குப் பெயின்ட் அடிக்கச் சொன்னாங்க. அடிச்சேன். தூரிகை ஒட்டுது, என்னடான்னு நகத்தால கீறிப் பாத்தா அடியில பச்சை, அதுக்கும் அடியில வெள்ளை, அதுக்கடியில திரும்பப் பச்சை. வாராவாரம் வர்ற கூட்டத்துக்கு வேலை குடுக்கணுமே, அதுக்காக ஒரே வேலியை அடிச்சுக்கிட்டே இருக்காங்க. நான் வெள்ளை அடிச்ச வாரம்.

அதனால காசு கட்டுறதுக்கு முன்னாடி கேளுங்க: நாங்க போனப்புறம் இந்த வேலையை யார் செய்வாங்க, போன வருஷக் கணக்கு எங்க? தொர்துகேரோவுல 1959லேந்து ஆமை எண்ணுறாங்க, அப்படி நீளமா எழுதி வச்ச நோட்டு இருக்கிற இடத்துல உங்க ஒரு ராத்திரியும் ஒரு வரியா சேரும். அதே கரையில பன்னெண்டு மாசமும் ஆமை காட்டுறேன்னு சொன்னா நம்பாதீங்க, அதுக்கு சீசன் இருக்கு. தேவாங்கு மாதிரி மெதுவா நகருமே ஸ்லாத், அதைக் கட்டிப்பிடிச்சு ஃபோட்டோ எடுக்கலாம்னு போட்டிருந்தா அது சரணாலயம் இல்ல, கடை. காட்டு மிருகத்தோட செல்ஃபி எடுக்காதீங்கன்னு 2019ல அந்த நாட்டு அரசாங்கமே பிரச்சாரம் பண்ணாங்க.

கேள்வி: ஊசி, இன்சூரன்ஸ், விமானம் பத்தி சுருக்கமா சொல்லுங்க. ஈக்வடாரும் சேத்துப் போலாமான்னு யோசிக்கிறோம். (பொங்கோல் தம்பதி)

நேரடி விமானம் கிடையாது. அமெரிக்கா வழியா போனா வெறும் டிரான்சிட்னாலும் சிங்கப்பூர் பாஸ்போர்ட்டுக்கு எஸ்டாங்கிற ஆன்லைன் அனுமதி எடுத்தே ஆகணும், ஏர்போர்ட்ல வந்து முழிக்கிறவங்க இருக்காங்க. ஐரோப்பா வழியா சுத்திப் போனா அந்தத் தலைவலி இல்ல. கோஸ்டா ரிக்காவுல இறங்குறப்ப அந்த நாட்டை விட்டு வெளிய போற டிக்கெட்டைக் கேப்பாங்க, ஃபோன்ல இல்லாம பேப்பர்ல வச்சுக்கங்க.

ஈக்வடார், பெரு பக்கம் போயிட்டு அங்கேந்து கோஸ்டா ரிக்கா நுழையிறதா இருந்தா மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்ட சர்ட்டிபிகேட் வேணும், அங்கேந்து நேரா சிங்கப்பூர் திரும்புனாலும் நம்ம இமிகிரேஷன் கேக்கும். நுழையிறதுக்கு 10 நாள் முன்னாடியாவது போட்டிருக்கணும், ஒரு தடவை போட்டா ஆயுசுக்கும் செல்லும். என்னைக் கேட்டா முதல் பயணத்துலயே ஈக்வடாரைச் சேக்க வேண்டாம். 2024 ஜனவரியில அங்க கும்பல் வன்முறை முத்தி அவசரநிலை போட்டாங்க, அது ஒண்ணு, தலைநகர் கித்தோ 2,850 மீட்டர் உசரத்துல இருக்கு, முதல் ரெண்டு நாள் படி ஏறினாலே மூச்சு வாங்கும், அது ரெண்டு.

இன்சூரன்ஸ் பேப்பர்ல சின்ன எழுத்தைப் படிங்க. ரேஃப்டிங் எந்த கிரேடு வரைக்கும், கயிறு கட்டிக் குதிக்கிற பஞ்சி உண்டா, எத்தனை மீட்டர் உசரம் வரைக்கும்னு இருக்கும். எல்லாரும் கோட்டை விடுறது இன்னொரு வரி, உடல் உழைப்பு வேலை பண்றப்ப அடிபட்டா கிடையாதுன்னு நிறைய பாலிசியில இருக்கும். வாலன்டியர் வேலையும் அதுல வருமான்னு எழுத்துல கேட்டு வாங்குங்க.

கேள்வி: அக்கா, எனக்கு அவ்வளவு லீவும் இல்ல, வெள்ளியும் இல்ல. ஆசை மட்டும் இருக்கு. (புக்கிட் பாஞ்சாங், பேர் வேண்டாம்)

ஆமை நம்ம ஊர்லயே ஏறுதும்மா. ஈஸ்ட் கோஸ்ட் மணல்ல, சாங்கி பக்கம், செந்தோசாவுல அழுங்காமை வந்து முட்டை போட்டிருக்கு, கண்ணுல பட்டா தள்ளி நின்னு, ஃப்ளாஷ் அடிக்காம, என்பார்க்ஸுக்கு, அதான் தேசியப் பூங்காக் கழகத்துக்குச் சொல்லுங்க. சுங்கை பூலோவுல, புலாவ் உபின்ல வாலன்டியர் வேலை வருஷம் பூரா நடக்கும், சனிக்கிழமை காலையில சதுப்புநிலச் சேறு முழங்கால் வரைக்கும் ஏறினப்புறமும் ஆசை மிச்சம் இருக்கான்னு பாருங்க. பொங்கலுக்கு ஊருக்குப் போறவங்களா நீங்க? அப்படின்னா சென்னையில ஒரு ராத்திரி ஒதுக்குங்க. பங்குனி ஆமை ஏறுற சீசன் அது, 1988லேந்து மாணவருங்க சேந்து நீலாங்கரையிலேந்து பெசன்ட் நகர் வரைக்கும் கரையோரமா நடந்து முட்டை பொறுக்கி பொரிப்பகத்துல வைக்கிறாங்க, பொதுமக்களும் கூட நடக்கலாம். மொழிப் பிரச்சினை அங்க கிடையாது, பையைக் கேட்டா பையைத்தான் குடுப்பீங்க.

கேள்வி: அந்த வீட்டு அம்மாகூட இன்னும் பேசுறீங்களா? (அதே தோ பாயோ அண்ணன், ரெண்டாவது கடிதம்)

பேசுறேன் அண்ணே. நமக்கும் அவங்களுக்கும் 14 மணி நேரம் வித்தியாசம், இங்க காலையில ஏழு மணிக்கு நான் கோப்பி ஆத்துறப்ப அங்க முந்தின நாள் சாயந்திரம் அஞ்சு, மழை தகரத்துல விழுற சத்தத்தோட வாய்ஸ் மெசேஜ் வரும். முதல் கேள்வி எப்பவும் ஒண்ணுதான், இன்னிக்குக் களைப்பா, கல்யாணமா?